செருப்பு கழற்றாத மச்சான்

என் மனைவியின் அண்ணன் வீட்டுக்குள் வரும்போது செருப்பைக் கழற்றமாட்டார். நீல ரப்பர் செருப்பு. மழைக்காலத்தில் திருவொற்றியூர் சந்துகளில் என்னென்ன மிதக்கும் என்று இங்கே குடியிருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மீன் கழுவிய தண்ணீர், கன்டெய்னர் லாரி சிந்திய எண்ணெய், சாக்கடை மூடியைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தது, எல்லாம் அந்தச் செருப்பின் அடியில் ஒட்டிக்கொண்டு எங்கள் ஹாலுக்கு வரும். ஹாலிலிருந்து சமையலறைக்குப் போகும். ஒருமுறை சாமி அலமாரி முன்னால் செருப்புக் காலோடு நின்று திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டார். எனக்குப் பக்தி குறைவுதான். அன்றைக்கு எனக்கே குமட்டியது.

"இன்னா மச்சான், செருப்ப வாசல்ல வுட்டுட்டு வரக்கூடாதா?" என்று கேட்டால், "பயக்கம் மாப்ள," என்பார். சொல்லிவிட்டு சோபாவில் குந்தி, கால்மேல் கால் போட்டு, அந்தச் செருப்பை என் முகத்துக்கு நேராக ஆட்டிக்கொண்டிருப்பார். என் மனைவி கஸ்தூரி வாயைத் திறக்கமாட்டாள். அவர் போன பிறகு ஈரத்துணியை எடுத்துத் தரையில் இருக்கும் தடத்தை ஒவ்வொன்றாகத் துடைப்பாள். நான் முணுமுணுத்தால், "வுடுங்க, அண்ணனுக்கு அது பயக்கம்," என்று அவளும் அதையே சொல்வாள்.

அவருக்கு வயரிங் வேலை. எங்கள் வீட்டில் தொடங்கி இந்தத் தெரு, பின் தெரு, குப்பத்துப் பக்கம் என்று பாதி வீடுகளில் சுவருக்குள் ஓடுவது அவர் இழுத்த ஒயர்தான். வேலை செய்கிற அழகை ஒருநாள் பார்த்தால் போதும், அப்புறம் அந்த ஆள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடத் தோன்றாது. ஒயர் தோலைப் பல்லால் கடித்து இழுப்பார். கடித்த பிளாஸ்டிக்கை எங்கே நிற்கிறாரோ அங்கேயே துப்புவார். வாயில் எப்போதும் பாக்குத்தூள் இருக்கும், அதனால் துப்புவதும் சிவப்பாகத்தான் விழும். இன்சுலேஷன் டேப் தீர்ந்துவிட்டால் கடைக்குப் போகமாட்டார். காலி பால் கவரைக் கிழித்து, பால் வாடையோடு, ஒயர் முடிச்சில் சுற்றிவிடுவார். இரண்டு நாளில் அந்த இடத்தில் எறும்பு வரும்.

யாராவது பயந்துபோய்க் கேட்டால் ஒரே பதில்தான். "தாங்கும்."

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் ஆயுசையே ஓட்டிவிட முடியும் என்று அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஃபேன் கொக்கி துருப்பிடித்திருக்கிறதே, தாங்கும். ஏசி போடுகிறோம், இந்தச் சின்ன ஒயரா, தாங்கும். ஃப்யூஸ் அடிக்கடி போகிறதே என்றால், கம்பியை இன்னும் தடிமனாகப் போட்டுவிட்டு, "இப்ப தாங்கும் பாரு," என்பார். அவர் சொன்னதை எல்லாரும் நம்பினார்கள். அவ்வளவு தைரியமாகச் சொல்வார்.

மரியாதைக்காகத்தான் 'அவர்' என்று எழுதுகிறேன். பெயரை எழுதப்போவதில்லை, எழுதக் கை கூசுகிறது. அந்த ஆளின் கைவேலையால் கஸ்தூரி செத்துப் பிழைத்தாள். அவளுடைய வலது கை சுண்டுவிரலும் மோதிரவிரலும் இன்றைக்கும் சரியாக மடங்குவதில்லை. இப்போது அவர் மாத்தூர் பக்கம் மகன் வீட்டோடு போய்விட்டார். அங்கேயும் வேலைக்குப் போகிறார் என்று கேள்வி. எந்தப் பாவியின் வீட்டுச் சுவரில் பால் கவர் சுற்றிக்கொண்டிருக்கிறாரோ தெரியாது.

ஒரு ஆடி மாதம் எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். சீரியல் லைட்டும் ஸ்பீக்கரும் அவர் பொறுப்பு. கோயில் சுவரில் இருந்த ஒரே பிளக்கில் எல்லாவற்றையும் சொருகினார். லைட்டு, ஸ்பீக்கர், ஃபேன், கூழ்க்காரர்களின் மிக்ஸி வரைக்கும். பிளக் சூடேறி வாசனை வந்தது. "இன்னாண்ணா, நாத்தம் அடிக்குது," என்றாள் பக்கத்து வீட்டு மீன்காரம்மா. "தாங்கும்மே, நீ கூய ஊத்து," என்றார். பாட்டு பாதியில் நின்றது. ஸ்பீக்கரிலிருந்து புகை வந்தது. தெருவே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தபோது அவர் கூழில் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"ஸ்பீக்கர்தான் தாங்கல. ஒயரு தாங்கிச்சு பாத்தியா?"

சுற்றி நின்றவர்களில் பாதிப்பேர் சிரித்துவிட்டார்கள். அவர்மேல் கோபப்பட நினைப்பவனுக்கு இது ஒரு பெரிய கஷ்டம். கூட்டத்தைச் சிரிக்க வைத்துவிடுவார். நான் சிரிக்கவில்லை. எரிந்துபோன ஸ்பீக்கர்காரனும் சிரிக்கவில்லை.

பொருள் விஷயத்தில் மட்டும் என்றால் போய்த் தொலைகிறது என்று விடலாம். அவர் மனைவிக்கு, கஸ்தூரியின் அண்ணிக்கு, ஒரு மழைக்காலம் முழுக்க இருமல். இருமி இருமி அந்த அம்மா விலா எலும்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள் என்று கஸ்தூரி அழாத குறையாகச் சொன்னாள். அவர் தட்டில் இருந்த வஞ்சிரத்தைப் புரட்டிப் போட்டுக்கொண்டே, "அவ தாங்குவா," என்றார். அண்ணி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள், அவருக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டு. கடைசியில் கஸ்தூரிதான் ஆட்டோ பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். நுரையீரலில் நீர் கோத்திருந்தது என்றார்கள். அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தது, அண்ணியை வீட்டுக்கு அனுப்பும் நாளில். வார்டுக்குள்ளும் அந்தச் செருப்புதான்.

இதெல்லாம் தெரிந்தும் அந்த ஆளிடமா உன் ஷெட்டு வேலையைக் கொடுத்தாய் என்று நீங்கள் கேட்பீர்கள். நான் கொடுக்கவில்லை. அவர் எடுத்துக்கொண்டார். எப்படி என்று சொல்கிறேன்.

நான் மணலியில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்தவன். ரிட்டயர் ஆகும் முன்னாலேயே வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் போட்டு, ஒரு பழைய லேத் வாங்கி வைத்து, படகு இன்ஜின் சாமான்களைக் கடைந்து கொடுக்கலாம் என்று ஆசை. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் படகுக்காரர்களுக்கு அந்த வேலைக்கு ஆள் தேவை. வீட்டின் பின்கதவைத் திறந்தால் முதலில் துணி காயப்போடும் இடம், அடுத்து அடிபம்பு, அதையும் தாண்டி காம்பவுண்டு சுவரை ஒட்டி ஷெட். கூரை போட்டாயிற்று. இனி கரண்ட் போக வேண்டும்.

இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். ஃபேக்டரியில் கரண்ட் அடித்து விழுந்தவனை ஒருமுறை தூக்கியிருக்கிறேன், அந்த எடை மறக்காது. அதனால் ஒரு பெரிய தாளில் எல்லாவற்றையும் வரைந்து வைத்தேன். லேத் ஓடும்போதே வெல்டிங்கும் பிடித்தால் எவ்வளவு இழுக்கும். கிரைண்டர் கிளம்பும் அந்த நொடியில் எவ்வளவு கூடுதலாக இழுக்கும். அதற்குத் தகுந்த தடிமனில் கேபிள், மீட்டரிலிருந்து தனியாக, மண்ணுக்கடியில் குழாய்க்குள். ஷெட்டுக்கு அதன் சுவரிலேயே ஒரு போர்டு. லைன் கசிந்தால் தானாக விழுந்து கரண்டை அறுக்கிற ட்ரிப்பர் ஒன்று. எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஷெட்டுக்கென்றே ஒரு எர்த்துக் குழி. மெஷினின் இரும்பு உடம்பில் கரண்ட் கசிந்தால் அது மனுஷன் வழியாக இறங்காமல் நேராக மண்ணுக்குப் போக வேண்டும், அதற்கான பாதைதான் எர்த்து. ஆழமாகத் தோண்டி, செம்புத் தகடு இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு மூடி, மேலே தண்ணீர் ஊற்ற ஒரு குழாயை நீட்டி வைக்க வேண்டும். ஈரம் இருந்தால்தான் பாதை திறந்திருக்கும்.

அந்தத் தாளோடு உட்கார்ந்திருந்தபோது அவர் வந்தார். கையில் பஜ்ஜிப் பொட்டலம். எதிரே உட்கார்ந்து தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். கேபிளைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், எர்த்துக் குழிக்கு வந்தபோது சிரித்தார்.

"இன்னா மாப்ள, கப்பலுக்கா லைன் இஸ்க்கிற? உப்பு கொட்டணுமாமே. கடலாண்ட குந்திகினு கீறோம், இங்க தரையே உப்புதான். இதுக்கு மேல எங்க கொட்டுவ?"

பேசிக்கொண்டே, பஜ்ஜி எண்ணெய் வழிந்த கையை என் தாளில் துடைத்தார். சும்மா தொட்டுத் துடைக்கவில்லை. விரல் விரலாக, நகக்கண் வரைக்கும். லேத்தும் வெல்டிங்கும் எண்ணெயில் ஊறி மறுபக்கம் தெரிந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வேறு ஆளைப் பார்த்து வைத்திருக்கிறேன், நீங்கள் சிரமப்பட வேண்டாம் என்று அப்போதே சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. பஜ்ஜிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை திரும்பி வந்தார். தனியாக வரவில்லை. அண்ணி, அவர் சித்தப்பா, இன்னும் நாலு சொந்தக்காரர்கள். அண்ணி கையில் பித்தளைத் தாம்பாளம். வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், மல்லிகைப்பூ, ரவிக்கைத் துணி. நடுவில் ஒரு புது ஒயர் சுருள், அதற்கு மஞ்சள் தடவிக் குங்குமப் பொட்டு வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு டெஸ்டர், அதன் தலையிலும் பொட்டு.

"என் தங்கச்சி வூட்ல புச்சா ஒரு தொயிலு ஆரம்பிக்குது. தாய்வூட்லேந்து நான் செய்ற சீரு இது. ஷெட்டுக்கு லைன் நான்தான் இஸ்ப்பேன்," என்றார்.

சொந்தக்காரர்கள் முன்னால் சீராக நீட்டிய தட்டை எவனாவது திருப்பி அனுப்புவானா? அனுப்பினால் பந்தமே அறுந்தது என்று அர்த்தம். கஸ்தூரியைப் பார்த்தேன். அவள் கண் நிறைந்திருந்தது. அப்பா அம்மா இரண்டு பேரும் போன பிறகு அவளுக்குத் தாய்வீடு என்று மிச்சம் இருந்தது இந்த ஒரு ஆள்தான். பொங்கலுக்கு ஒரு கரும்பு, ஒரு பானை, அதைக் கொண்டுவர இந்தச் செருப்புக் கால். அவள் புடவைத் தலைப்பை ஏந்தித் தட்டை வாங்கிக்கொண்டாள். அந்தக் குங்குமம் வைத்த ஒயரைச் சாமி அலமாரியில் வைத்தாள்.

சரி, ஒழியட்டும், சொன்னபடியாவது செய்யுங்கள் என்று கேபிள், ட்ரிப்பர், செம்புத் தகடு, கரி, உப்பு எல்லாவற்றையும் நானே வாங்கி இறக்கினேன். எனக்குக் காலை ஷிஃப்ட். நான் போன பிறகு அவர் வருவார், நான் வருவதற்குள் போய்விடுவார். ஒருநாள் திரும்பி வந்தபோது குழி மூடியிருந்தது. சுற்றிலும் சிமென்ட் கட்டி, நடுவில் குழாய் வாய் நீட்டிக்கொண்டிருந்தது. பார்க்க லட்சணமாகவே இருந்தது. நான் இல்லாதபோது ஏன் மூடினீர்கள் என்று கேட்டேன்.

"சீர போய் யாராச்சும் தோண்டிப் பாப்பாங்களா மாப்ள?" என்றார். பிறகு கஸ்தூரியிடம் திரும்பி, "தெனம் காலைல ஒரு சொம்பு தண்ணி இதுல ஊத்து தாயி. மறக்காத," என்றார்.

அவள் மறக்கவில்லை. காலையில் குளித்துவிட்டு, அடிபம்பில் அடித்த தண்ணீரில் முதல் சொம்பு அந்தக் குழாய்க்குத்தான். அண்ணன் வைத்த குழி. மழை பெய்த நாளிலும் ஊற்றினாள். மழை பெய்யும்போது எதற்கு என்று கேட்டால், "அண்ணன் ஊத்தச் சொல்ச்சே," என்பாள்.

லேத் ஓட ஆரம்பித்தது. நல்ல வேலை வந்தது. மழைக்காலம் தொடங்கியதும் ட்ரிப்பர் விழ ஆரம்பித்தது. வெல்டிங் செட்டைப் போட்டால் விழும், அதை எடுத்துவிட்டாலும் சில நேரம் தானாக விழும். எங்கேயோ கசிகிறது, பாருங்கள் என்று அவரை வரச் சொன்னேன். வந்தார், செருப்புக் காலை இழுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து சரி பண்ணிவிட்டேன் என்றார். எங்கே கசிந்தது என்று கேட்டதற்கு, "வெல்டிங் செட் ஒயர்ல ஈரம் மாப்ள. மாத்தி கட்டிட்டேன். இனிமே வுயாது. தாங்கும்," என்றார்.

உண்மைதான், அதற்கப்புறம் அது விழவே இல்லை. விழ முடியாதபடி லைனை அதற்குள் விடாமல் நேராக ஷெட்டுக்குக் கொடுத்திருந்தார், எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. சுவிட்ச் போர்டில் ட்ரிப்பர் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தது. மூடியைக் கழற்றாமல் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

அந்த நாளும் மழைநாள்தான். தூறிக்கொண்டிருந்தது. ஷெட்டுக்குள் நான் ஒரு படகின் புரொப்பெல்லர் தண்டைக் கடைந்துகொண்டிருந்தேன். நான் எப்போதும் கம்பெனி பூட்ஸ் போட்டு மரப்பலகை மேல் நின்று வேலை செய்பவன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. லேத் சத்தத்தில் வெளியே நடப்பதும் கேட்காது. திடீரென்று மீன்காரம்மா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அலறுவது கேட்டது. "லைன ஆப் பண்ணு, லைன ஆப் பண்ணு."

ஏன் என்று பார்க்காமலே கை மெயினுக்குப் போனது. ஃபேக்டரிப் பழக்கம். லேத் சுற்றல் அடங்கும்போது வெளியே ஏதோ விழுந்த சத்தம். கஸ்தூரி அடிபம்புப் பக்கம் ஈர சிமென்ட்டில் கிடந்தாள், வெறும் காலோடு. குடம் உருண்டு கிடந்தது. பம்புப் பிடியைப் பிடித்த கை அப்படியே மடங்கி இறுகியிருந்தது. உள்ளங்கை கருகிய வாடை வந்தது. வாய் கோணியிருந்தது. நான் அவள் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கன்னத்தில் தட்டினேன். மீன்காரம்மா சுவர் ஏறிக் குதித்து வந்து நெஞ்சைத் தேய்த்தாள். மூச்சு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் நின்றேனே, அதை எழுத எனக்குத் தெரியவில்லை. அப்புறம் அவள் இருமினாள்.

அவளை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டு, மீன்காரம்மா துணைக்கு இருந்தபோது, வீட்டுக்கு வந்து முதலில் மீட்டரிலிருந்து ஷெட்டுக்குப் போன லைனை அறுத்துப் போட்டேன். பிறகு கடப்பாரையை எடுத்து எர்த்துக் குழியின் சிமென்ட்டை உடைத்தேன். கடப்பாரை பெரிதாக எங்கேயும் இடிக்கவில்லை. முழங்கை ஆழத்துக்கு ஒரு வெறும் குழாயை மணலில் செருகி வைத்திருந்தார். தகடு இல்லை. கரி இல்லை. உப்பு இல்லை. கஸ்தூரி காலை காலையாக ஊற்றியதெல்லாம் சும்மா மணலில் போயிருக்கிறது. அந்தத் தகட்டை என்ன செய்தார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. கேட்கவும் அருவருப்பாக இருக்கிறது.

அப்படியானால் எர்த்து ஒயர் எங்கே போகிறது என்று இழுத்துக்கொண்டே போனேன். மண்ணுக்குக் கொஞ்சம் கீழே ஓடி, அடிபம்பின் இரும்புத் தலையில் வந்து நின்றது. ஒரு பால் கவர் சுற்றியிருந்தது. எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் செய்கிற குறுக்கு வழி இது. பம்பின் இரும்புக் குழாய் ஆழத்தில் மண்ணோடு இருக்கிறது, அதையே எர்த்தாக வைத்துக்கொள் என்பார்கள். ஆனால் எங்கள் பம்புக்கு அடியில் இரும்பே கிடையாது. துருப்பிடித்த பழைய குழாயைப் பிடுங்கி, ஷெட் போடுவதற்கு முன்னாலேயே பிளாஸ்டிக் மாற்றியாயிற்று. மேலே தெரிகிற தலையும் பிடியும் மட்டும்தான் இரும்பு. மாற்றிய அன்று இந்த மச்சான் இங்கேதான் இருந்தார். புதுக் குழாய் தரையில் கிடந்தது, அதன்மேல் ஒரு செருப்புக் காலை வைத்துக்கொண்டு டீ குடித்தார். கண்ணால் பார்த்த ஆள். தெரிந்தே என் மெஷின்கள் அத்தனையின் கசிவையும் கொண்டுபோய் அவர் தங்கை தினம் பிடிக்கிற பிடியில் கட்டியிருக்கிறார்.

கஸ்தூரி வீட்டுக்கு வந்த பிறகுதான் அவர் வந்தார். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் வாங்கி வந்தார். ஹாலில் செருப்புத் தடம் பதிய நடந்து போய், கட்டு போட்ட அவள் கையைப் பார்த்து, "த்ச்சு" என்றார். வாருங்கள் என்று பின்பக்கம் கூட்டிப்போய், உடைத்த குழியைக் காட்டினேன். பால் கவரைக் காட்டினேன். வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். அதை இங்கே எழுத முடியாது.

அவர் அசரவில்லை. "மேல இரும்புதானே மாப்ள கீது. லேசா ஜிவ்வுன்னுதான் இருந்திருக்கும். ஷாக்குலாம் இல்ல. அதுக்கு ஒடம்பு வீக்கு, அதான் வுயுந்துட்ச்சு. நான் தெனம் எத்தினி லைன வெறுங்கையால தொடறேன், எனக்கு இன்னா ஆச்சு? லைன போடு, இப்பவே தொட்டுக் காட்றேன்."

லைன் போட நான் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. போட லைனே இல்லை, அறுத்துப் போட்டாயிற்று. கஸ்தூரிக்குச் சொல்லியிருந்தேன், அவருக்குத் தெரியாது. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கஸ்தூரி பின்கதவில் நின்றாள். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"லைன்லதான் கீது. தொடுண்ணா," என்றாள்.

அவர் சிரித்தார். புறங்கையை நீட்டிக்கொண்டு பம்புப் பக்கம் போனார். லைன் வருகிறதா என்று எத்தனையோ வீடுகளில் அவர் தொட்டுப் பார்த்த அதே புறங்கை.

"அப்டி இல்ல. செருப்ப கயட்டிட்டு தொடு," என்றாள்.

கை அந்தரத்தில் நின்றது. அவர் தன் காலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கஸ்தூரியைப் பார்க்கவில்லை. "இன்னாமே இது, வெளாட்டா," என்று முனகினார். செருப்பு கழலவில்லை. நீட்டிய கை மெல்ல இறங்கி லுங்கியில் துடைத்துக்கொண்டது. செத்துப்போன லைன் அது, ஒரு குழந்தை தொட்டாலும் ஒன்றும் ஆகாது. அவர் தொடவில்லை.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை வருஷமாக அழுக்கு என்று அந்தச் செருப்பைத் திட்டிக்கொண்டிருந்தேன். அழுக்கு அந்த ஆளுக்குப் பொருட்டே இல்லை. ஊரெல்லாம் தாங்கும் தாங்கும் என்று சொல்லிவிட்டு, தான் ஒயர் இழுத்த எந்த வீட்டிலும் அவர் வெறும் காலை வைத்ததில்லை. அவர் வேலையை முதலில் நம்பாத ஆள் அவரேதான். சாக்கடையை மிதித்து வந்தபோதுகூட அவர்மேல் எனக்கு அப்படி ஒரு அருவருப்பு வந்ததில்லை.

கஸ்தூரி சத்தம் போடவில்லை. அழவும் இல்லை.

"எங்க வூட்லலாம் நாங்க வெறும் காலோடதான் நடக்கறோம்ணா," என்றாள். "இனிமே வராத."

அவர் ஏதோ சொல்லப் பார்த்தார். என் பக்கம் திரும்பி, "இன்னா மாப்ள, அது பேஜாரா பேசுது, நீ பாத்துகினு கீற," என்றார். நான் நகர்ந்து வழி விட்டேன். ஹால் வழியாகவே வெளியே போனார். செருப்புச் சத்தம் சந்து முனை வரைக்கும் கேட்டது. அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்குப் பொங்கல் கரும்பு வந்ததில்லை.

ஹாலில் அவர் வந்த தடமும் போன தடமும் இருந்தது. கஸ்தூரி இடது கையால் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். நான் துடைக்கிறேன் கொடு என்று குனிந்தேன். அவள் தரவில்லை.

"கடேசி வாட்டிதானே," என்றாள். "நானே தொடைக்கிறேன்."